கவலை ஓட்டிய கன்னியப்பன்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. வாசலோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்காருங்கள். இது கத்திச் சொல்லுகிற கதை இல்லை. சிரிக்க ஓரிடம் உண்டு. அதைத் தாண்டினால் சிரிப்பு கம்மிதான். ஆனாலும் நடுவழியில் உங்களை விட்டுவிட மாட்டேன், கடைசிவரை கூடவே வருவேன்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் கன்னியப்பனும் அவன் தம்பி காசிநாதனும் வேலை செய்தார்கள். சுண்ணாம்புக் குழியில் ஊறும் தோலைக் கைவிட்டுத் துழாவி மேலே இழுத்துப் போடுவது அவர்கள் வேலை. ஒருநாள் காலை கன்னியப்பன் துழாவியபோது மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டது. தோல் என்றுதான் இழுத்தான். கனத்தது. "இன்னாடா இது, ஒரு எருமையே உள்ள படுத்துனு கீதா?" என்று பக்கத்துக் குழிக்காரனிடம் கேலிகூடப் பேசினான். மேலே வந்தது காசிநாதன். அண்ணனுக்கு முன்னாலேயே வந்து, யாரும் பார்க்காத நேரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறான் பிள்ளை.

அந்தக் கேலிதான் கன்னியப்பன் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

அவன் மனைவி பூவம்மாள் அப்போது நிறைமாதம். பெண் குழந்தை பிறந்தது. அவன் மடியில் கொண்டுபோய் வைத்தாள். பச்சை உடம்பின் மென்மை விரலில் பட்டதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அவள் எட்டிப் பிடித்திராவிட்டால் குழந்தை தரையில் விழுந்திருக்கும்.

மந்திரித்தார்கள். தர்காவில் தாயத்து வாங்கிக் கட்டினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. பூவம்மாள் பெரிதாக எதையும் கேட்கவில்லை, கண்ணுகளா. இந்தப் பிள்ளையை இவர் ஒருதரம் தூக்கினால் போதும் என்பதுதான் அவள் வேண்டுதல்.

கணியம்பாடியிலிருந்து அவள் அண்ணன் முனிரத்தினம் வந்து பார்த்தான். "இந்த நாத்தத்துல குந்த வெச்சா எப்படிம்மா தேறுவாரு? என்கூட அனுப்பு. மாட்டுப் பின்னால நடக்கட்டும். மனசும் கூட நடந்து வந்துடும்" என்றான். பூவம்மாளும் பிள்ளையோடு கூடவே கிளம்பிப் போனாள்.

கவலை என்றால் உங்களுக்கு மனசில் இருப்பதுதான் தெரியும். எங்கள் பக்கத்தில் கிணற்றிலிருந்து மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற பெரிய தோல் பைக்கும் அதுதான் பேர். மாடுகள் சரிவில் இறங்கினால் பை நிறைந்து மேலே வரும். பின்னுக்கு ஏறினால் காலியாகிக் கிணற்றுக்குள் போகும். முனிரத்தினம் கயிற்றைக் கன்னியப்பன் கையில் கொடுத்தான். "எல்லாருக்கும் கவலை உள்ள கீது மச்சான். உனக்கு மட்டும்தான் அதை இழுக்க ரெண்டு மாடு கீது!" என்று அவனே சொல்லி அவனே சிரித்தான்.

வருஷக்கணக்காகப் புங்க எண்ணெய் குடித்துக் கறுத்த பழைய பை அது. தோல் என்கிற நினைப்பே வராது. கன்னியப்பன் காலையில் கவலை ஓட்டுவான். வெயில் ஏறினால் கேழ்வரகு நாற்றுக்கு மடை திருப்புவான். மண்ணைத் தொட்டான். நாற்றைப் பிடுங்கி வேர் அறாமல் அலசினான். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நிற்பாள் பூவம்மாள். நாற்றைப் பிடிக்கிற கை பிள்ளையைப் பிடிக்காதா?

ஒருநாள் இடது மாடு சரிவில் நின்றுவிட்டது. "இன்னாடா, மாமியார் வூட்டு விருந்தா? நடடா சோம்பேறி!" என்று ஒரு குரல். பூவம்மாள் திரும்பிப் பார்த்தாள். கன்னியப்பன்தான்! மாமியார் வீட்டில் சோறு தின்றுகொண்டு மாட்டைப் பார்த்து அவன் அதைச் சொன்னதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். நான் சொன்ன இடம் இதுதான், சிரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவன் தூளியருகே வந்து உட்கார ஆரம்பித்தான். தூளிக் கயிற்றை ஆட்டினான், கவலைக் கயிற்றைப் பிடிப்பதுபோல. குழந்தையை மட்டும் தொடவில்லை. "நாத்து நட்டு முடியட்டும், தூக்கறேன்" என்றான். தானாகச் சொன்னான்.

நடவுக்கு முன்னால் பழைய பை கிழிந்தது.

முனிரத்தினம் ஆசையாகப் போய் வாணியம்பாடியிலிருந்து புதுத்தோல் வாங்கிவந்து தைக்கக் கொடுத்தான். புதுப் பையைத் தொட்டியில் ஊறவைத்து, கவலை ஓட்டுகிறவன் கையாலேயே எண்ணெய் போட்டுப் பிசைய வேண்டும். அப்போதுதான் கிணறு வற்றாது என்பது அந்த ஊர்ப் பழக்கம். மஞ்சள் குங்குமம் எல்லாம் தயார். "நான் பிசையட்டுமா, இல்ல மச்சான்தானா?" என்று முனிரத்தினம் கேட்டான்.

"அவருதான ஓட்றாரு. அவரே செய்யட்டும், அண்ணா" என்றாள் பூவம்மாள். பெருமையாகச் சொன்னாள். மறந்துபோய்விட்டாள், கண்ணுகளா. புருஷன் தேறிவிட்டான் என்கிற சந்தோஷத்தில் மறந்துபோய்விட்டாள்.

கன்னியப்பன் தொட்டிக்குள் கைவிட்டான். மெத்தென்றது. இழுத்தான். கனத்தது. மேலே வந்ததை உதறவில்லை, வீசவில்லை. வரப்பில் மெதுவாகக் கிடத்தினான். பக்கத்தில் மண்டியிட்டு அதை இப்படியும் அப்படியும் புரட்டினான்.

"மச்சான், இன்னா தேடற?" என்றான் முனிரத்தினம்.

"மொகம் எங்க?" என்றான் கன்னியப்பன். "மொகத்தைக் காணோமே. தம்பி, எந்திரிடா. கேலிக்குத்தான் சொன்னேன்டா."

அதன் பிறகு அவனிடம் ஒரு சொல் கிடைக்கவில்லை. கவலையை முனிரத்தினம் ஓட்டினான். புதுப்பையில் வந்த தண்ணீரைக் கன்னியப்பன் குடிக்கவும் மாட்டான். தண்ணீர் பாயாத கல்லுமேட்டில், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பழைய பையின் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினாள் பூவம்மாள். நாற்றைக் கொண்டுபோய் நீட்டினாள். பார்க்கவில்லை. கேழ்வரகு நன்றாகத்தான் விளைந்தது. அறுத்துக் களத்தில் போட்டதையும் அவன் பார்க்கவில்லை.

குழந்தை நடக்கத் தொடங்கியது. ஒரு மாலை தானாகவே கல்லுமேட்டுக்குத் தத்தித் தத்திப் போனது. அப்பன் கையை அக்குளிலிருந்து பிடித்து இழுத்து, உள்ளங்கையில், மடையோரம் அள்ளிவந்த ஒரு பிடி ஈரமண்ணை வைத்தது. பூவம்மாள் களத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கையை மூடவில்லை. பின்னுக்கு ஒளிக்கவும் இல்லை. மண் காய்ந்து உதிரும்வரை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான். பிள்ளையை அவன் கடைசிவரை தூக்கவில்லை.

எழுந்திருங்கள், விளக்கு வைக்கிற நேரம். உங்கள் வீட்டுக் கிணறு ஊறிக்கொண்டே இருக்கட்டும். வேலைக்குப் போனவர்கள் முகம் காட்டத் திரும்பி வரட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தூக்க எந்தக் கையும் பின்னுக்கு ஒளியாமல் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.