ஆம்புலன்ஸில் போன ஒத்திகை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில், பின் சீட்டுப் பெண்கள் சிரித்துப் பேசியதை ஒட்டுக்கேட்டது. நான் ஏறும்போதே பாதிக் கதை போய்விட்டது. தொடக்கத்தை நானேதான் எழுத வேண்டும்.

'சிப்காட்டின் புகைபோக்கிகளுக்கு மேலே செஞ்சூரியன் மெல்ல…'

வேண்டாம். ஆரோக்கியமேரி அப்போது வானத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வாக்கி டாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

மேரிக்கு ஓர் உருக்காலையின் பாதுகாப்பு அறையில் வேலை. அன்று வாயுக் கசிவு ஒத்திகை. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் நடுவில் நின்று தகவல் சொல்ல அவளுக்குப் பயிற்சி. பயிற்சியாளர் வீரராகவன் ஒரே விதிதான் சொல்லியிருந்தார்: எந்தத் தகவலும் 'ஒத்திகை' என்று தொடங்கி 'ஒத்திகை' என்றே முடிய வேண்டும். இல்லாவிட்டால் ஊர் கலவரப்படும்.

வாயு தாக்கி மயங்கி விழுவதுபோல் நடிக்க கேன்டீன் லோகு. (முதல் வரைவில் இவனுக்கு நடிப்பு ஆசையும் சோகமான ஒரு பின்கதையும் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். லோகு நன்றாக விழுவான், அவ்வளவுதான்.)

விழுந்தான். ஆனால் சொல்லிவைத்திருந்த ஆம்புலன்ஸ் வழியில் பழுதாகி, வேறொன்று வந்திருந்தது. அதிலிருந்தவர்களுக்கு இது ஒத்திகை என்று யாரும் சொல்லவில்லை. உதவியாளர் அன்புசெல்வன் லோகுவை அள்ளிப் போட்டார். வண்டி நெடுஞ்சாலையில் பறந்தது.

"நான் நல்லாத்தான் கீறேன் சார். சும்மா நடிச்சேன்" என்றான் லோகு.

"கேஸ் ஏறுனா இப்படித்தான் பேசுவாங்க" என்று அன்புசெல்வன் ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினார்.*

* வண்டிக்குள் நான் இல்லை. ரயில் பெண்களும் இல்லை. வேறெப்படி இருந்திருக்கும்?

3

"ஆம்புலன்ஸு நெசமாவே போய்க்கினு கீது. நிறுத்துங்க. இது ஒத்திகை இல்ல" என்றாள் மேரி வாக்கி டாக்கியில்.

"நல்லா பண்றீங்கம்மா" என்றது போலீஸ். "முன்னாடியும் பின்னாடியும் ஒத்திகைன்னு சொல்ல மறந்துட்டீங்க."

எதிர்பாராத சிக்கலையும் சேர்த்துக்கொண்டாளே என்று வீரராகவன் கைதட்டினார்.

'அவள் கண்களில் நீர் அருவியாய்…'

இல்லை. லோகுவுக்கு ஊசி என்றாலே உயிர் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஓடிப்போய்த் தீயணைப்பு வண்டியில் ஏறினாள். "அண்ணே, அந்த ஆம்புலன்ஸைப் புடிங்க" என்றாள். டிரைவர் துளசிராமன் காரணம் கேட்கவில்லை. சைரனைப் போட்டார்.

பின்னால் சைரன் கேட்டதும், நமக்குத்தான் வழி ஒதுக்கிக் கொடுக்கிறார்கள் என்று மகிழ்ந்து, ஆம்புலன்ஸ் இன்னும் வேகமெடுத்தது.

4

ஆஸ்பத்திரியில் லோகுவை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். டாக்டர் இளமதியின் கையில் ஊசி. மேரிக்கு மூச்சு வாங்கியது. வாய் பழக்கத்தில் பேசியது.

"ஒத்திகை. இவருக்கு ஒண்ணும் இல்ல. ஒத்திகை."

"ஒண்ணும் இல்லைங்கறது ஒத்திகையா?" என்றார் டாக்டர்.

அதற்குள் லோகு திமிறிக் குதித்து வார்டைச் சுற்றி ஓடினான். டாக்டர் அந்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நுரையீரல் நல்லாத்தான் இருக்கு" என்று ஊசியைக் கீழே வைத்தார்.

5

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேரியின் போன் அடிக்கிறது. லோகுவின் மனைவி ஈஸ்வரி. அவனைத் தூக்கிப் போகும் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டாள்.

"மேரிக்கா, அவருக்கு இன்னா ஆச்சு? மறைக்காம சொல்லு."

மேரி போனை லோகுவிடம் கொடுக்கிறாள். ஓடிய ஓட்டத்தில் அவனுக்குப் பேச்சு வரவில்லை. "ஈசு… ஹ்ஹ… ஈசு…" என்கிறான். மறுமுனையில் அழுகை தொடங்குகிறது.

வீடியோ கால் போட்டும் எழுதிப் பார்த்தேன். முகத்தில் முகமூடி அழுத்திய தடம் தெரிந்து அழுகை கூடியது. டாக்டரைப் பேசவிட்டேன், டாக்டரே பேசுகிறாரா என்று ஈஸ்வரி மயங்கிவிட்டாள். இரண்டையும் அடித்து நீக்கிவிட்டேன்.

இந்தாருங்கள் போன், நீங்களே பேசுங்கள். 'அவருக்கு ஒண்ணும் இல்லம்மா' என்று மட்டும் தொடங்காதீர்கள்.