பதினோரு ஆந்தைகள்

நான்காவது நாளும் காதக்காவுக்கு ஆந்தை கிடைக்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு, இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டாள். காது எரிந்தது. முதுகு வலித்தது. மின்விசிறியைப் போட்டால் அதன் இரைச்சல் உள்ளே வந்துவிடும் என்பதால் காலையிலிருந்து அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டு கசகசப்புத் தாங்கவில்லை.

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. காட்டுயிர்க் கணக்கெடுப்பு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடங்களாகக் காட்டின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, இது இன்ன பறவை, இது இன்ன தவளை என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் வேலை. கம்ப்யூட்டர் சத்தத்தைக் கோடு கோடாக வரைந்து காட்டும், அதெல்லாம் சரி. மழை கொட்டினால் அதற்கு ஆந்தையும் தெரியாது, ஆனையும் தெரியாது. அப்போது எல்லோரும் மாடியேறி இந்த அறைக்குத்தான் வருவார்கள். காதக்கா என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம்.

இந்த முறை வந்த வேலை வெறும் சம்பிரதாயம். மலைச்சரிவில் இரண்டு காடுகள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஒன்று பழங்காடு, கோடரியே படாதது. மற்றது இளங்காடு, முப்பது வருடங்களுக்கு முன் மொட்டையடித்துவிட்டு மறுபடி வளரவிட்டது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை. பழங்காட்டின் பெரிய மரங்களை வெட்ட அனுமதி கேட்டு ஒரு கோப்பு மூன்று வருடமாக நகர்ந்து நகர்ந்து இப்போது இயக்குநரின் மேசைக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடுங்கள் என்று விதி சொல்கிறது. அதனால் இரண்டு காட்டிலும் தலா பதினோரு இடங்களில் ஒலிப்பதிவுப் பெட்டிகளைக் கட்டி, நாற்பது நாள் அந்திச் சத்தத்தை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

பழங்காட்டில் பிரச்சினை இல்லை. பெரிய ஆந்தைகள் ஒன்று கூப்பிட இன்னொன்று பதில் சொல்ல, குழாயடிச் சண்டை மாதிரி இருந்தது. ஒன்பது என்று எண்ணி முடித்துவிட்டாள். இளங்காட்டில்தான் வில்லங்கம். முதல் பத்துப் பெட்டிகளிலும் பூச்சி, மழை, தவளை, மறுபடி மழை. ஆந்தை மட்டும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அதே இளங்காட்டில் பதினோரு ஆந்தை என்று எண்ணியது யார்? சாட்சாத் காதக்காதான்.

அந்தப் பதினொன்றுதான் கோப்புக்கே அடித்தளம். ‘மறுபடி வளர்ந்த காட்டிலும் ஆந்தைகள் குறையவில்லை; ஆகவே பழங்காட்டை இழப்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை’ என்று அறிக்கை முடியும். இயக்குநர் அதை ஊர் ஊராகப் போய்ப் பேசினார். வரைபடம் வரைகிற அம்மாள் பதினோரு பச்சைப் புள்ளி வைத்து வரைந்த படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி மாடிப்படித் திருப்பத்தில் இன்றும் தொங்குகிறது. கீழே காதக்காவின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். இருபத்தெட்டு வருடத்தில் அவள் பெயரை யாரும் அச்சடித்தது அந்த ஒரு தடவைதான். படியேறும்போதெல்லாம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்வாள்.

பதினோராவது பெட்டியைப் புதன்கிழமை மதியம் திறந்தாள். முதல் நாள் அந்தி ஓடத் தொடங்கி ஐந்தாவது நிமிடம், வந்தது. ஊம். ஊம். மூன்றாவது கூவல் பாதியில் பிசிறி, தொண்டையில் சளி கட்டியவன் பேசுவது போல உடைந்தது. மறுநாள் பதிவிலும் அதே இடத்தில் அதே உடைசல். நாற்பது நாளும் அதுதான்.

அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்துபோய் அலமாரியைக் குடைந்து மூன்று வருடத்துப் பழைய பதிவுகளை எடுத்து வந்தாள். அப்போதெல்லாம் முறை வேறு. அந்தியில் பாதையோடு நடக்க வேண்டும். நானூறு மீட்டருக்கு ஓரிடம் நின்று, ஸ்பீக்கரில் ஆந்தைக் குரலைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நம் எல்லைக்குள் எவன் வந்து கூவுகிறான் என்று ஆந்தை பதில் கொடுக்கும். எழுதிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடக்க வேண்டும். இப்போது இளங்காட்டில் பெட்டிகளைக் கட்டியிருப்பதும் அதே பதினோரு இடங்களில்தான்.

முதல் இடத்துப் பதிவைப் போட்டாள். ஊம், ஊம், மூன்றாவது உடைந்தது. இரண்டாவது இடம், அதே உடைசல். ஐந்தாவது, எட்டாவது, பதினொன்றாவது. இரண்டாவதிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் குரல் முதலில் தூரத்தில், அதாவது அவளும் டிரைவரும் நடந்து வந்த பக்கத்தில் கேட்டது. பிறகு கிட்டே வந்தது. ஓரிடத்தில்கூட இரண்டு பறவைகள் சேர்ந்து கூவவில்லை. காதக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே ஆந்தை. ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே நாலு கிலோமீட்டர் வந்திருக்கிறது.

ஸ்பீக்கரைத் தூக்கி வந்த டிரைவர் அன்றே ஒரு வார்த்தை சொன்னார்: “அக்கா, இது நம்ம பின்னாடியே வர்ற மாதிரி இல்ல?”

“ஆமா, அதுக்கு வேற வேலை இல்ல பாருங்க” என்று சிரித்துவிட்டு நடந்தது அவளுக்கு இப்போது நன்றாக நினைவு வந்தது.

படிவத்தையும் எடுத்துப் பார்த்தாள். இந்தத் தப்பு நடக்கும் என்று தெரிந்துதான் அதில் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்: ‘புதிய பறவையா, முன்பு கூவிய அதே பறவையா?’ முதல் வரிசையில் ‘புதிய பறவை’ என்று அழகாக எழுதியிருந்தாள். முதலாவது புதிதாகத்தானே இருக்கும். அதற்குக் கீழே ‘மேற்படி’. அதற்குக் கீழும் ‘மேற்படி’. பத்து மேற்படி, ஒரே மூச்சில், ஒரே மையில், கூடாரத்தில் உட்கார்ந்து எழுதியது. ஒரு கட்டத்தில்கூட அவள் நின்று யோசிக்கவில்லை என்பது கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. பிறத்தியார் செய்திருந்தால் அலுவலகம் கேட்கக் கத்தியிருப்பாள்.

வீட்டில் அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக், சாப்பாட்டுத் தட்டோடு காத்திருந்தார்.

“ஏம்மா, இன்னைக்கும் ஆந்தை லீவா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாயிலிருந்ததை மென்று முடித்தார்.

“விட்டுரு. நாலு மாசம். உன் காதுக்குத்தான் சம்பளம், வாய்க்கு இல்ல.”

“வெட்டிடுவாங்கங்க. அந்த ஆந்தைக்குப் பெரிய மரத்துல பொந்து வேணும். ஒரு மரத்துல அப்படிப் பொந்து விழ நூறு வருஷம், நூத்தம்பது வருஷம் ஆகும். இளங்காட்டு மரத்துக்கு முப்பது வயசு, நம்ம கல்யாணத்தைவிடச் சின்னது. அங்க முட்டை வைக்க இடமே கிடையாது. பழங்காட்டையும் வெட்டிட்டா அந்த ஒன்பதும் எங்க போகும்?”

“அப்ப அந்த ஒத்த ஆந்தை அங்க என்ன பண்ணுது?”

“பழங்காட்டுல இடம் கிடைக்காம வெளிய வந்த குஞ்சா இருந்திருக்கும். பொந்து இல்லாத இடத்துக்குப் பெட்டை வராது. தனியா நின்னுக்கிட்டு கூப்பிட வேண்டியதுதான்.”

அவர் தண்ணீர் குடித்தார். “நீ இப்படி அசட்டையா எழுதற ஆள் இல்லையே. எப்ப எடுத்த கணக்கு அது?”

அவள் குனிந்து தட்டைப் பார்த்தாள். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

“என் ஆபரேஷன் நடந்த வாரமா?”

“ம்.”

பகலெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தா, சாயங்காலம் காடு. நான்கு நாள் அவள் படுக்கவே இல்லை. இதை அவரிடம் என்றைக்கும் சொல்லியிருக்க மாட்டாள். அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். அங்கிருந்தே, திரும்பாமல், “காலையில நான் வண்டியில கொண்டுபோய் விடறேன்” என்றார்.

வியாழக்கிழமை காலை இயக்குநர் அறையில் இரண்டு நாற்காலிகளிலும் கோப்பு அடுக்கியிருந்தது. அவரே ஒன்றைக் காலி செய்து கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. மேலிருந்து வரும் போன்களுக்குப் பதில் சொல்லியே முடி நரைத்தவர்.

“முடிஞ்சுதா மேடம்? பதினொன்னு இருக்கில்ல?”

“இல்ல சார். ஒன்னு.”

“பெட்டி ரிப்பேரா இருக்கும்.”

“பெட்டி நல்லாத்தான் இருக்கு. பத்துல ஒன்னும் இல்ல, பதினோராவதுல மட்டும் நாப்பது நாளும் கூப்பிடுது. அப்பவும் ஒன்னுதான் சார். நான்தான் ஒன்னைப் பதினோரு தடவை எண்ணிட்டேன்.”

ஹெட்ஃபோனை நீட்டினாள். அவர் முதல் இடத்தைக் கேட்டார், நான்காவதைக் கேட்டார், ஒன்பதாவதில் அந்த உடைசல் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

“இதை அடிக்குறிப்பா சேத்துக்கலாமே? ‘சில பறவைகள் மறுபடி எண்ணப்பட்டிருக்கலாம்’னு.”

“சில பறவை இல்ல சார். ஒரு பறவை.”

“உங்களுக்கு ரிட்டயர்மென்ட் பக்கத்துல வருது. விசாரணை வைப்பாங்க. பாராட்டு விழாவுக்குப் பதிலா நோட்டீஸ் கொடுப்பாங்க. தெரியுமா?”

“தெரியும்.” அவள் பயந்துதான் இருந்தாள், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? “தப்பு என்னோடது. அதுக்கு மரம் ஏன் சாகணும்?”

பையிலிருந்து திருத்திய படிவத்தை எடுத்து வைத்தாள். இரவெல்லாம் தூக்கம் வராமல் விடிந்ததும் எழுதியது. முதல் வரிசையில் ‘புதிய பறவை’. இரண்டாவதில் ‘முன்பு கூவிய அதே பறவை’. மூன்றாவதில் ‘முன்பு கூவிய அதே பறவை’. பத்து வரிசையிலும் முழுதாக எழுதியிருந்தாள். ஒரு மேற்படிகூட இல்லை. கீழே முழுப் பெயரும் கையெழுத்தும்.

இயக்குநர் விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாகப் படித்தார். மேசையில் போன் அடித்தது, எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

“அந்தப் படத்தைக் கழட்டணும்” என்றார் கடைசியில், மாடிப்படிப் பக்கம் தலையை ஆட்டி.

“வரும்போதே கழட்டிட்டேன் சார். வெளிய சுவத்தோரமா சாத்தி வெச்சிருக்கேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அலுப்பும் வந்தது. பேனாவைத் திறந்து கோப்பின் மேல்தாளில், ‘அடிப்படைக் கணக்கு தவறு. பழங்காட்டில் வெட்ட அனுமதி இல்லை. மறு ஆய்வு முடியும்வரை நிறுத்தி வைக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதற்கு இனி எத்தனை போன் வருமோ என்கிற மாதிரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். காதக்கா எழுந்தாள். வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

“மேடம், ஒன்னு கேக்கணும்” என்றார் இயக்குநர். “அவ்வளவு பெரிய காடு. பத்துப் பெட்டியில ஒரு சத்தம் இல்ல. நாப்பது நாளும் அந்தப் பதினோராவது இடத்துலயே அது ஏன் நின்னுக்கிட்டு கூப்பிடுது? அங்க என்ன இருக்கு?”

காதக்கா கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றாள்.

“ஒன்னும் இல்ல சார்” என்றாள். “மூணு வருஷத்துக்கு முன்னாடி நாங்க கடைசியா ஸ்பீக்கரை நிறுத்தின இடம் அது.”