புது மானிட்டரில் தமிழ்வாணி

பேச்சிமுத்து ரெண்டு வருசமாகக் கேட்டுப் பார்த்தான். மாட்டுத்தாவணிப் பக்கம் உமேஷ் நடத்திய ஸ்டுடியோவில் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் திருத்துவது அவன் வேலை. அங்கிருந்த மானிட்டர் எல்லாவற்றையும் நீலம் பாய்ந்ததாகக் காட்டும். கறுத்த முகங்கள் அதில் சாம்பல் பூசின மாதிரி இருக்கும். நிஜ நிறம் எதுவென்று குத்துமதிப்பாக யூகித்துத்தான் பிரிண்ட் போடணும்.

"நல்லதா ஒண்ணு வாங்குவோம்ணே."

"படம் தெரியுதுல்ல? அதுக்குப் போயி மூணு மடங்கு விலையா?" என்பார் உமேஷ்.

2003 தீபாவளிக்கு அவனே வாங்கிவிட்டான். பைக்குக்காகச் சேர்த்த பணம். சமயநல்லூரிலிருந்து இன்னும் கொஞ்ச நாள் பஸ்ஸில் வந்தால் போச்சு.

அந்த வாரமே டி. கல்லுப்பட்டியிலிருந்து சுருளி என்பவர் தன் மகள் தமிழ்வாணியைக் கூட்டிவந்தார். நர்ஸ் வேலை பார்க்கிறவள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போட்டோ வேணும். எடுத்த படத்தைப் பேச்சிமுத்து மதியம் வரைக்கும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தான். கன்னத்து மினுமினுப்பு, கறுப்புக்குள் ஓடிய செம்மை எல்லாம் அப்படியே வந்தது.

தமிழ்வாணி குனிந்து பார்த்தாள். "போட்டோவுல எப்பவும் யாரோ மாதிரி இருப்பேண்ணே. இது நான்தான்."

சுருளிக்கு முகம் சுருங்கிப்போச்சு. "இம்புட்டுக் கறுப்பா அனுப்புனா எவன் வருவான்?"

"வெளுத்துக் குடுப்பா," என்றார் உமேஷ்.

தமிழ்வாணி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பழைய மானிட்டராக இருந்தால் கண்ணில் பட்டிருக்காது. இதில் மவுஸை நகர்த்த நகர்த்த அவள் முகத்திலிருந்து உயிர் வடிவது துல்லியமாகத் தெரிந்தது.

"போதுமாய்யா?"

"இன்னும் கொஞ்சம்," என்றார் சுருளி.

பத்து நாள் கழித்து அவர் சத்தம் போட்டுக்கொண்டே படியேறினார். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூடத் தொடவில்லை. "போட்டோவுல இருக்க பொண்ணு எங்கன்னு கேக்குறாங்க. அத்தன பேரு முன்னாடி எம்மக நிக்கிறா!"

உமேஷ் யோசிக்கவே இல்லை. "இவன் புதுசா மானிட்டர் வாங்குனான், அதுல கலர் மாறிப்போச்சுங்க. டேய், மன்னிப்புக் கேளு."

வெளுக்கச் சொன்னது யாரென்று சுருளிக்குத் தெரியாதா? இருந்தும் பேச்சிமுத்துவைத்தான் முறைத்தார்.

"தப்புதான்யா," என்றான் அவன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை தமிழ்வாணி தனியாக வந்தாள். முகம் பூராவும் பவுடர் அப்பியிருந்தாள். கழுத்துக்கு மேலே தனி நிறம்.

"அன்னைக்கு மொதல்ல காமிச்சீங்கள்ல, அதுல ஒரு பிரிண்ட் குடுங்கண்ணே. எனக்கு."

இல்லை என்று தெரிந்தும் தேடினான். வெளுத்த படத்தை அதன் மேலேயே சேவ் பண்ணியிருந்தான்.

"அழிஞ்சுருச்சும்மா. உக்காரு, இப்பவே வேற எடுத்துத் தாரேன்."

"வேணாம்ணே. அந்த மூஞ்சி இப்ப வராது."

அவள் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். உள்ளேயிருந்து உமேஷ் கூப்பிட்டார். கல்யாண ஆல்பம் ஒன்று, அறுபது படம், சாயங்காலத்துக்குள் வெளுத்தாகணும்.