நீல உடையில் வந்த வினைகள்

லத்தீன் தேர்வுக்கு யார் யாரை அனுப்புவது என்று எங்கள் ஆசிரியர் தேவெஸ் சார் இன்றைய மாலை வகுப்பில் முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆசிரியர் படிப்பில் எனக்கு இடம் கிடைக்காது.

செய்வினைக்குச் சிவப்புப் பென்சில், செயப்பாட்டுவினைக்கு நீலம் என்று அடிக்கோடிட்டுப் படிப்பவள் நான். உருவத்தில் செயப்பாட்டுவினையாகவும் பொருளில் செய்வினையாகவும் இருக்கும் வினைகள் வந்ததும் எந்தப் பென்சிலை எடுப்பதென்று தெரியாமல் போனது. தப்பாகிவிடுமோ என்று வகுப்பில் நானாக வாயே திறப்பதில்லை.

பக்கத்து இருக்கை வீப்கெ கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். இதே தேர்வில் இரண்டு முறை தோற்றவள். இன்றும் முதல் ஆளாகக் கை தூக்கினாள்.

“இம்பெராத்தோர் மிலிதெஸ் ஹோர்த்தாத்துர்,” என்று வாசித்தாள். “தளபதி ஊக்குவிக்கப்படுகிறார்... இருங்க சார், அப்போ இந்த வீரர்கள் எதுக்கு நிக்கறாங்க? வேடிக்கை பாக்கவா?”

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

“அவங்களுக்கும் வேலை குடுக்கணுமே. தளபதி வீரர்களை ஊக்குவிக்கிறார்!”

கைதட்டுவதற்குப் பதிலாக, இங்கே வழக்கப்படி, எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். தப்பைச் சத்தமாகச் சொல்லி, அந்தத் தப்பின் மேலேயே ஏறி நின்று சரியை எட்டிப் பிடித்துவிட்டாள். எனக்குப் பொறாமைகூட வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

“யோரினா, நீங்க,” என்றார் சார்.

எனக்கு வந்த வாக்கியம்: மாத்தெர் ஃபீலியம் கோன்ஸோலாத்துர்.

“தாய்... ஆறுதல் சொல்லப்படுகிறாள்,” என்றேன். வழக்கமாக இதோடு நிறுத்திக்கொள்வேன்.

“மக எங்க போனா?” என்று வீப்கெ முணுமுணுத்தாள்.

“வீப்கெ, வாயை மூடுங்க,” என்றார் சார்.

ஃபீலியம். மகளை. அவள் வாக்கியத்தின் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

“இல்ல சார், நான் சொன்னது தப்பு,” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “மகளை விட்டுட்டேன். தாய் மகளுக்கு ஆறுதல் சொல்கிறாள்.”

முதலில் தட்டியது வீப்கெயின் முட்டிதான். பிறகு வகுப்பு முழுவதும்.

“ரெண்டு பேரும் தேர்வுக்குப் போறீங்க,” என்றார் சார்.

“மூணாவது தடவையும் தோத்தா கண்ணாடியே தொடச்சிட்டு இருப்பேன்,” என்றாள் வீப்கெ.

வீட்டுக்கு வந்ததும் அந்த வினையை நீலத்தில் எழுதி, அடியில் சிவப்புக் கோடு போட்டேன்.