எலப்புள்ளியில் ஒரு வீடு

…இல்லை, அந்தச் சித்தூர் வீட்டுச் சொந்தக்காரர் நாளைக்குச் சொல்கிறேன் என்றுதானே சொன்னார், தரமாட்டேன் என்று சொல்லவில்லையே, நாளைக்கு என்றால் நாளைக்குத்தான், எதற்கு அதையே போட்டுக் குடைய வேண்டும் என்று அழகுத்தாய் தன்னையே அதட்டிக்கொண்டாள். பஸ் சித்தூரை விட்டு எலப்புள்ளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, ஜன்னல் கம்பி தொட முடியாமல் சுட்டது, மே மாத வெயிலில் வயல்கள் வெளுத்துக் கிடந்தன, வரப்பில் அங்கங்கே பனை, இவ்வளவு சமதளம் அவள் கண்ணுக்குப் பழக்கமில்லை, மறைந்து நிற்க ஒரு மேடுகூட இல்லாத ஊர்… ஆனால் முதலில் சரி என்றுதானே சொன்னார் அந்த மனிதர், மாடி வீட்டைத் திறந்து காட்டினார், குழாயைத் திருகிக் காட்டினார், வாடகை ஐயாயிரம் என்று பேசி முடித்தாயிற்று, படியிறங்கும்போது, ஏதோ கேட்க மறந்ததைக் கேட்பது போல, நீங்க எந்த ஆளுங்க என்றார். அவள் சொன்னாள். சொல்லும்போது ஒன்றும் தோன்றவில்லை, மலைமேல் ஆனைக்கரையில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை, கேட்கத் தேவை இருந்ததில்லை, எஸ்டேட் லயத்து வீடுகளில் எந்த வரிசை எந்தக் கதவு என்றால் தெரிந்துவிடும்… அவர் தலையை ஆட்டினார், முகம் கொஞ்சம்கூட மாறாமல், எங்க மச்சான் ஒருத்தர் குடிவர்றதாச் சொல்லியிருக்கறாருங்க, நாளைக்குச் சொல்றனே என்றார். மச்சான் இருக்கலாம். உண்மையாகவே மச்சான் இருக்கலாம். அப்படியானால் குழாயை எதற்குத் திருகிக் காட்டினார்?

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், இன்றைக்கு வியாழன். பதினாறு வருஷமாக ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரித்தவள், பச்சை தனி, வெடித்தது தனி, எட்டு மில்லி பருமன் தனி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் பிரிப்பாள், அந்த விரலுக்காகத்தான் கம்பெனிக்காரர்கள் ஸ்டோரைப் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக்கு மாற்றும்போது அவளையும் கூப்பிட்டார்கள், நாற்பது பெண்களில் நாலு பேரைத்தான் கூப்பிட்டார்கள், மற்றவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் ஆன்மேரிதான் பெயரெழுதிக் கொடுத்தது, போடி, பெண்ணைப் படிக்க வைக்க வேண்டாமா என்று திட்டித் திட்டி அனுப்பிவைத்தது, இப்போது மகள் செல்வப்பிரியாகூட ஆன்மேரி வீட்டில்தான் இருக்கிறாள்… வேலை சரி, சம்பளம் முன்னைவிடக் கூட, ஆனால் வீடு நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது அவளுக்கு அந்த வாக்கியமே புரியவில்லை. வீட்டை எப்படிப் பார்ப்பது? பிறந்தது லயத்தில், கட்டிக்கொடுத்தது இரண்டு வரிசை தள்ளி இன்னொரு லயத்தில், புருஷன் சுருளிவேல் மஞ்சள்காமாலையில் போனதும் அதே அறையில், வேலை இருந்தால் வீடு இருந்தது, வேலையோடு வந்தது வேலையோடு போகிறது, முப்பதாம் தேதி சாவியைக் கொடுத்துவிட வேண்டும். முப்பத்தெட்டு வயதில் முதல்முதலாக ஒரு கதவைத் தட்டி, எனக்கு வீடு வேண்டும் என்று கேட்கிறாள். பாலக்காடு டவுனில் நேற்றுக் கேட்டாள், பத்தாயிரம் என்றார்கள், ஆறு மாத அட்வான்ஸ். சித்தூரில் இன்று காலை. இனி இந்த எலப்புள்ளி ஒன்றுதான், இதுவும் இல்லையென்றால்… இல்லையென்றால் என்ன, அதற்கு மேல் நினைப்பு ஓடவில்லை, சுவரில் முட்டியது போல நின்றுவிட்டது.

வீட்டைச் சொன்ன ஆட்டோக்காரர் சந்துரு ஸ்டாப்பில் காத்திருந்தார், தென்னந்தோப்பு கேட்டில் இறக்கிவிட்டு, நல்லவங்கதானுங்க, போய்ப் பாருங்க என்று சொல்லிவிட்டுத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நல்லவங்கதானுங்க என்றால் என்ன அர்த்தம், ஏன் அந்த ‘தான்’, சித்தூர்க்காரரும் நல்லவர்தானே, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாரே… கேட்டிலிருந்து வீடுவரை நூற்றுப் பன்னிரண்டு அடி, எண்ணிக்கொண்டே நடந்தாள், ஷிப்டு முடிந்து இருட்டில் வந்தால் இந்த நூற்றுப் பன்னிரண்டும் இருட்டு, தோப்பில் விளக்கு உண்டா, பாம்பு உண்டா, பதின்மூன்று வயதுப் பெண் அதுவரை தனியாக இருக்க வேண்டுமே, தாழ்ப்பாள் உள்பக்கம் எப்படி என்று பார்க்க வேண்டும், பார்க்க வேண்டியதை எல்லாம் நினைத்துக்கொண்டே வந்தவள், எதிரே அந்த அம்மாள் வந்து நின்றதும் எல்லாவற்றையும் மறந்தாள். அறுபது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாவிக்கொத்து. சரஸ்வதியம்மாள் என்று சந்துரு சொல்லியிருந்தார், தோப்புக்கும் அதைத் தாண்டிய வயலுக்கும் சொந்தக்காரர். வாங்க, உள்ற வாங்க, வெயில்ல வந்திருக்கறீங்க என்றார். ‘ங்க’ போட்டுப் பேசினார், அவளைப் பார்த்து. சித்தூர்க்காரரும் ‘ங்க’தான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

தோப்பின் பின்பக்கத்து வீடு, ஓடு போட்டது, இரண்டு அறை, தனிக் குழாய், தனி மீட்டர், சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியே கிணறு. தண்ணிக்குக் கொறையே இல்லீங்க, கோடையிலயும் இந்தக் கெணறு வத்தாது என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் ஒவ்வொரு கதவாகத் திறந்தார். வீடு நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் பயம், பிடிக்காமல் போயிருந்தால் தப்பித்திருப்பாள், இந்த ஜன்னலோரத்தில் பிரியா உட்கார்ந்து படிக்கிறது அவளுக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆணியில் பள்ளிக்கூடப் பை தொங்குகிறது, அடுப்பு இங்கே… வேண்டாம், அடுப்பை வைக்காதே, இன்னும் கேட்கவில்லை. எப்போது கேட்பார்? எந்த ஊருங்க என்றார், ஆனைக்கரை என்றாள். அதுக்கு முன்ன என்றார், தாத்தா காலத்துல தேனிப் பக்கம்மா என்றாள். வந்துகொண்டே இருக்கிறது, படிப்படியாக இறங்கி வருகிறது. வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க என்றார், தவறிட்டாரு என்றாள், அந்த அம்மாள் உதட்டைச் சப்பிக்கொண்டு, இந்த வயசுலயா என்றார், அவர் கண்ணில் நிஜமாகவே ஒரு நனைவு தெரிந்தது, அதை ஏன் நம்ப முடியவில்லை, எனக்கு என்ன ஆகிவிட்டது, நேற்றுவரை மனிதர்கள் முகத்தை இப்படிப் பார்த்ததில்லையே… பிறகு காபி வந்தது. பித்தளையா, எவர்சில்வரா, காகித டம்ளரா என்று கையை நீட்டுவதற்கு முன்பே கண் போய்விட்டது. எவர்சில்வர். வீட்டு டம்ளர்தானா, வெளியாட்களுக்கென்று தனியாக வைத்ததா? விளிம்பில் ஒரு சொட்டை இருந்தது. சொட்டை விழுந்ததைத் தனியாக எடுத்து வைப்பார்களோ? காபி நாக்கைச் சுட்டது, ருசி தெரியவில்லை, அவள் கை நடுங்குவதை அந்த அம்மாள் பார்த்துவிட்டார். பஸ்ஸுல வந்த அசதிங்க, உக்காருங்க என்றார்.

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்களே என்றிருந்தது. சுவரில் முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன முருகன் படம் ஒன்று மாட்டியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சரஸ்வதியம்மாள் கேட்டார்.

“நீங்க எந்தச் சாமிங்க கும்படறது?”

இதோ. நேராகக் கேட்கத் தயங்குகிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள் என்று யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள், சாமியைச் சொன்னால் கோயிலைக் கேட்பார்கள், கோயிலைச் சொன்னால் கும்பிடுகிற வரிசையைக் கேட்பார்கள், கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும், எதற்கு அவ்வளவு சுற்று, திங்கட்கிழமை வேலை, முப்பதாம் தேதி லயம், ஜன்னலோரம், பை… அவள் வாயைத் திறந்தாள், சாமி பெயர் வரவில்லை. ஒரு சாதிப் பெயர் வந்தது. அது அவர்களுடைய பெயரில்லை, எஸ்டேட்டில் மேட்டுப் பங்களாப் பக்கம் இருந்த கணக்கப்பிள்ளை வீட்டாருடைய பெயர், தீபாவளிக்கு அவர்கள் வீட்டு வாசலோடு நின்று பலகாரம் வாங்கி வந்திருக்கிறாள், அந்தப் பெயரைத்தான் சொன்னாள். நாங்க இன்னாரும்மா என்றாள்.

சரஸ்வதியம்மாள் திரும்பிப் பார்த்தார்.

“அத யாருங்க கேட்டா? தெக்க மலையிலிருந்து வர்றவங்க பாதிப் பேரு சர்ச்சுக்குப் போறவங்களா இருக்கறாங்க, படத்தக் கழட்டோணுமான்னு கேட்டனுங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு. பிறகு சாவி அவள் கையில் இருந்தது, வாடகை நாலாயிரத்து ஐந்நூறு, ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சிக்கலாம் என்றார், அட்வான்ஸை வரும்போது கொடுத்தால் போதும் என்றார். பொண்ணு எட்டாவதுங்களா, நம்ம ஸ்கூல்லயே சேத்துருங்க, எம் மவன் மோகனசுந்தரம் அங்க ஆபீசுலதான் இருக்கறான், டீசிய மட்டும் கொண்டாந்து குடுங்க, மத்ததெல்லாம் அவன் பாத்துக்குவான் என்றார். சரிம்மா என்றாள். டீசியில் மதம் என்று ஒரு கட்டம், சாதி என்று ஒரு கட்டம், இரண்டையும் மைபோட்டு எழுதி சீல் வைத்திருப்பார்கள். சரிம்மா, சரிம்மா என்று இரண்டு தடவை சொன்னாள்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. சாவியை முந்தானை முடிச்சில் போட்டாள், பிறகு எடுத்து ரவிக்கைக்குள் வைத்தாள். அந்த அம்மாள் கொத்திலிருந்து சாவியை எப்போது கழற்றினார்? அவள் அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன்பா, பின்பா? படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கை இடுப்பில் இருந்ததே, அப்போதே கழற்றிக்கொண்டிருந்தாரா, வெறுமனே வைத்திருந்தாரா… முன்பே கழற்றியிருந்தால், உண்மையைச் சொல்லியிருந்தாலும் கிடைத்திருக்கும். ஒருவேளை. அந்தச் சிரிப்பு எதற்கு, அவள் பதறியதற்கா, அந்தப் பெயரைக் கேட்டதற்கா? இனி கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. திரும்பிப் போய் இப்போதே சொல்லிவிடலாமா, கேட்டுக்குள் நுழைந்தால் நூற்றுப் பன்னிரண்டு அடிதான், அம்மா, தப்பாச் சொல்லிட்டேன் என்று… தப்பாகச் சொல்ல அது என்ன கதவு நம்பரா? வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தால்? ஏன் அங்கே சேர்த்தீர்கள் என்று கேட்பாரே, என்ன சொல்வது, அதற்கு ஒரு பொய், அந்தப் பொய்க்கு ஒரு பொய்…

போன் அடித்தது. பிரியா. அம்மா, டீசி வாங்கியாச்சும்மா, ஆன்மேரியக்காதான் கூட வந்தாக என்றாள், குரலில் அவ்வளவு துள்ளல், வீடு கிடைச்சிருச்சா, எப்படிம்மா இருக்கு. கிடைச்சிருச்சு தாயி என்றாள் அழகுத்தாய். கிணறு இருப்பதைச் சொன்னாள், தென்னைமரம் இருப்பதைச் சொன்னாள், இரண்டு அறை, படிக்க ஒரு ஜன்னலோரம் இருக்கிறது என்றாள். அங்க உள்ளவுக நல்லவுகளாம்மா என்று பிள்ளை கேட்டது. இதைச் சொல்லத்தான் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும், யாராவது கேட்டால் நீ இப்படிச் சொல்லு என்று, எந்த வார்த்தையில் தொடங்குவது, அவளுடைய அம்மா அவளுக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தாள், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை… காபி குடுத்தாக, நல்லவுகதான் என்றாள், என்றவுடன் அந்த ‘தான்’ அவள் காதிலேயே விழுந்தது. தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. நேற்று குமுளியில் பஸ் ஏறியதிலிருந்து இந்த நிமிஷம்வரை நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டேதான் இருக்கிறது, டவுனில், சித்தூர் மாடிப்படியில், தோப்புக்குள், அந்த டம்ளரைப் பிடித்தபோது… ஒரே ஒரு இடத்தில் மட்டும் அடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் பட்டது. இன்னாரும்மா என்று சொன்னாளே, அந்த ஒரு நொடியில் குரல் நடுங்கவில்லை, கை நடுங்கவில்லை, பயமே இல்லை.

அம்மா, கேக்குதா, அம்மா என்று போனில் பிரியா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.