இருநூத்திப் பதினாலு

அப்பா அவளைத் 'தோழர்' என்று கூப்பிட்டார். நான் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். எங்கள் காம்பராவில் இருக்கிற ஒரே நாற்காலியில் ஆதிலா உட்கார்ந்திருந்தாள். அப்பா கட்டிலின் ஓரத்தில், நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். "தோழர், சீனி போட்டுக் குடிப்பீங்களா, போடாமலா?" என்று கேட்டார். இருபத்தேழு வருசமாக நான் அவருக்குப் 'புள்ள', கோபம் வந்தால் 'ஏய் கழுதை'. பட்டம் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு மட்டும் 'டீச்சரம்மா' என்று நக்கலாகச் சொன்னார். டீச்சர் வேலை இன்னும் வந்தபாடில்லை. தெமோதரையில் ஒரு தகரக் கொட்டகையில் ஓ.எல். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கிறேன்.

எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் காலுறை போட்டிருந்த விதத்தில்கூடப் பொறாமை. எங்கள் மண் தரையில் அந்தக் காலை எங்கே வைப்பது என்று யோசிக்காமல் வைத்தாள் பாருங்கள், அதில்.

ஆதிலா, பதுளையில் தையல்கடை வைத்திருந்த இன்ஸாப் நானாவின் மகள். கொழும்பில் படித்து, லண்டனில் இன்னொரு பட்டமும் முடித்துவிட்டு, தொழிலாளர் சமாதானக் கட்சியின் வரலாற்றைப் புத்தகமாக எழுத வந்திருந்தாள். அந்தக் கட்சியை உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாதது உங்கள் பிழையில்லை. எண்பத்தேழில் அவள் வாப்பாவின் கடை மேல்மாடியில், இரண்டு தையல் மெசினுக்கு நடுவே ஆரம்பித்தார்கள். மூன்று பேர் வந்தால் மத்திய குழு, ஐந்து பேர் வந்தால் மாநாடு. ஒரேயொரு தடவை மாகாண சபைத் தேர்தலில் நின்று, தேயிலைத் தோட்டத்துக் கள்ளுத் தவறணையில் ஒரு சம்பள நாளில் கூடுகிற கூட்டம் அளவுக்கு வோட்டு வாங்கினார்கள். ஆனால் யுத்தம் நடந்த இருபத்திச் சொச்சம் வருசமும், ஒருநாள்கூட விடாமல், யுத்தம் வேண்டாம் என்று சொன்னார்கள். ராணுவமும் வேண்டாம், இயக்கமும் வேண்டாம், சாகிறது இரண்டு பக்கமும் கூலிக்காரன் பிள்ளை என்றார்கள். இதனால் இரண்டு பக்கமும் அவர்களைத் துரோகி என்றது. மூன்றாவதாக, அம்மாவைப் பெத்த அம்மாச்சியும் அப்பாவை அப்படித்தான் சொன்னது, வேறு காரணத்துக்கு, வீட்டைப் பார்க்கவில்லை என்று.

அந்தக் கட்சியின் குறிப்புப் புத்தகங்கள் எல்லாம் எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. ஆறு வயதில் நான் அந்தப் பெட்டியின் பூட்டைத் தொட்டதற்கு அப்பா என்னை அடித்தார். என் வாழ்க்கையில் அவர் அடித்தது அந்த ஒரு அடிதான். கம்பசில் மூன்றாம் வருசம் ஆய்வுக்கட்டுரைக்குக் கேட்டேன், "அது வெளையாட்டுச் சாமான் இல்ல புள்ள" என்றார். கடைசியில் நான் தேவார உரைகளைப் பற்றி நூறு பக்கம் எழுதினேன். ஆதிலா வந்த முதல்நாளே அவர் பெட்டியை இழுத்து, பூட்டைத் திறந்து, சாவியையும் அவள் கையில் கொடுத்தார்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. அவள் பக்கங்களைப் போனில் படம் எடுத்து அனுப்புவாள், நான் டைப் பண்ணிக் கொடுக்க வேண்டும். "உங்கட பேரை நன்றியுரையில கட்டாயம் போடுவன் நிஷா" என்றாள். எங்களோடு பேசும்போது ஒரு மாதிரிப் பொதுத் தமிழ் பேசுவாள். உம்மா போன் எடுத்தால் மட்டும் 'இருக்கு' என்பது "ஈக்கி, ஈக்கி" ஆகி அவள் வீட்டுத் தமிழ் வரும். அப்போதுதான் அவளை எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். உடனே அதை நிறுத்திக்கொள்வேன்.

தொண்ணூற்றாறில் ஒரு குறிப்புப் புத்தகம் பொலிசில் மாட்டி, அதில் பேர் இருந்த பதினொரு பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்பாவும் உள்ளே இருந்தார், எட்டு மாதம். தோட்டம் தன் ஆள் பதிவேடான செக்ரோலில் இருந்து அவர் பேரை வெட்டியது. வெளியே வந்து பதுளையில் புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர், திரும்பத் தோட்டத்தில் பேர் பதியவே இல்லை. அதற்குப் பிறகு கட்சிக் குறிப்பில் யார் பேரும் கிடையாது. தோட்டத்து ஆட்களை செக்ரோல் நம்பரால் எழுதினார்கள். ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் காலையில் கணக்கப்பிள்ளை கூப்பிடுகிற அதே நம்பர். அவர் நம்பரைச் சொல்ல, ஆட்கள் "இருக்கேங்க" என்பார்கள். கொழுந்து நிறுக்கும்போதும் அதேதான். குறிப்பு எழுதுகிற அப்பா தன்னை எதனாலும் குறிக்கவில்லை. எழுதுகிறவர் கை மட்டும்தான் அங்கே இருந்தது, அந்தச் சாய்ந்த எழுத்து.

இரண்டாயிரத்தெட்டு ஆடி மாதக் குறிப்பை டைப் பண்ணும்போது கை நின்றுவிட்டது.

'போஸ்டர் ஒட்டினால் விடியுமுன் கிழிக்கிறார்கள். ஒட்டுபவரைப் பிடிக்கிறார்கள். 214 சொன்னது: போஸ்டர் வேண்டாம். ஒருநாள் கொழுந்து எடுக்கிற எல்லாரும் தலையில் வெள்ளைத் துணி கட்டுவோம். ரோட்டிலும் ரயிலிலும் போகிறவர்கள் பார்க்கட்டும். துணி கட்டியதற்குப் பிடிக்க முடியாது. ஏற்கப்பட்டது.'

கட்சி தன் வாழ்நாளில் ஜெயித்தது அந்த ஒருநாள்தான். மலை முழுக்க வெள்ளைத் தலை. தோட்டத் துரை ஜீப்பை நிறுத்தி, யார் செத்தது என்று கேட்டாராம். "பேரு தெரியாதுங்க, தெனம்தான் செத்துக்கிட்டு இருக்காங்க" என்று ஒருத்தி சொன்னாளாம். பதுளையில் கட்சியை ஞாபகம் வைத்திருக்கிற நாலு பேரிடம் கேட்டாலும், வெள்ளைத் துணி மாரிசாமியின் மூளை என்பார்கள். என் அப்பாவின் மூளை.

ஆதிலா ஒரு புதன்கிழமை, அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரம், கேட்டாள். "தோழர், இந்த இருநூத்திப் பதினாலு நீங்கதானே? வாப்பாவும் அப்பிடித்தான் சொன்னாங்க."

அப்பா சீனி போடாத தேத்தண்ணியைக் கரண்டியால் கலக்கினார். "அந்த நேரத்துல நீ, நான்னு பாத்தா கட்சி நடத்த ஏலுமா தோழர்?"

ஆதிலா எழுதிக்கொண்டாள். வாசல்வரை நான் கூடப் போனபோது, "என்ன அடக்கம் உங்கட வாப்பாவுக்கு" என்றாள்.

செக்ரோலில் பேர் வெட்டியவருக்குப் பன்னிரண்டு வருசம் கழித்து நம்பர் எங்கிருந்து வரும்? லண்டன் வரை படித்தவளுக்கு இது தோன்றவில்லை. ஆம்பிளைகள் எந்த மலையில் தலைத்துணி கட்டிக் கொழுந்து எடுக்கிறார்கள் என்றும் தோன்றவில்லை. இருநூத்திப் பதினாலு யாரென்று எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து தெரியும். அதே நம்பர் போட்ட, கொழுந்து நிறுத்துக் கொடுக்கிற துண்டுச்சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் நான் கணக்குப் போட்டுப் பழகினேன். அம்மாவுடைய நம்பர்.

எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க விரும்பவில்லை. அவள் பிழை விட்டுவிட்டாள், அது என் கையில் இருக்கிறது. புத்தகம் அச்சானதும் பதுளை நூலக மண்டபத்தில் வெளியீடு. கேள்வி நேரத்தில் எழும்பி, மைக்கை வாங்கி, மெதுவாக, மரியாதையாகக் கேட்பேன். அந்தக் காலுறைக்காரி எங்கே காலை வைப்பதென்று தெரியாமல் நிற்க வேண்டும். வசனத்தை எத்தனை தடவை திருத்தினேன் தெரியுமா? மேடையில் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்பது ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் இருக்கட்டும் என்று விட்டேன்.

சனிக்கிழமை அரைநாள். அம்மா பீலியடித் தண்ணியில், கொழுந்து எடுக்க இடுப்பில் கட்டுகிற படங்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பேர் ஜீவராணி. அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"வெள்ளத்துணி கட்டச் சொன்னது யாரும்மா?"

"ஒங்கப்பா கட்சிதான்."

"கட்சியில யாரு?"

அம்மா நிமிரவில்லை. "சட்டயக் கிழிச்சதுக்கு இன்னும் கோவம் தீரலியா ஒனக்கு?"

அதை நான் இன்னும் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் நாலாம் வகுப்பு வெள்ளைச் சட்டை. சின்னதாகிப் போனதுதான், ஆனாலும் என்னுடையது. அம்மா அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, மேட்டு லயத்துப் பெண்களுக்குப் பட்டை பட்டையாகக் கொடுத்தாள். நான் அழுது புரண்டேன். அப்பா சொல்லித்தான் கிழிக்கிறாள் என்று அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

"நீதானம்மா சொன்ன. அந்த இருநூத்திப் பதினாலு நீதான். அவரு கையாலயே எழுதி வச்சிருக்காரு."

அம்மா படங்கை உதறினாள். என் முகத்தில் தண்ணீர் தெறித்தது. "பட்டம் வாங்குன புள்ளக்கி இப்பத்தான் தெரியுதா? பரவால்ல, அதுக்காவது படிச்சது ஒதவுச்சு."

"அந்தப் பொம்பள அப்பா பேருல புஸ்தகம் போடப்போறா. அப்பாவும் ஆமான்னு சொல்லாம ஆமான்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. ஒனக்கு எரியலியா?"

"எனக்குன்னா மலை இருக்கு. சங்கத்துல நாலு பேரு என் பேச்சக் கேக்குறாங்க. நீ ஒருத்தி இருக்க, கத்துறதுக்கு." படங்கைக் கல்லில் விரித்தாள். "அந்த மனுசன் எட்டு மாசம் உள்ள கெடந்து வந்தாரு. யுத்தமும் அவரு சொல்லி நிக்கல, கட்சியும் நிக்கல. அது ஒண்ணாவது அவருக்கு இருந்துட்டுப் போகட்டும். நீ வாயத் தொறந்த, நான் பேசமாட்டேன் ஒங்கூட."

அப்போது எனக்கு வந்தது ஆதிலாமேல் வந்ததைவிட மோசமான பொறாமை. எவ்வளவு பெரிய ஒன்றைத் தூக்கி, எவ்வளவு லேசாக, அவருக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்! எனக்கென்று அப்படி எதைக் கொடுத்தாள்? என் சட்டையைக் கிழித்துத்தானே கொடுத்தாள், அதுவும் மற்றவர்களுக்கு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆதிலா எழுதி முடித்த அத்தியாயத்தோடு வந்தாள். அப்பா கேட்டுச் சரி பார்க்க வேண்டுமாம். அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார், பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு. போனைப் பதிவு போட்டு ஸ்டூலில் வைத்தாள். நான் கதவோரம் நின்றேன். உள்ளே அம்மா ரொட்டி தட்டுகிற சத்தம், ஒரே சீராக. அம்மாவின் கவனம் இந்தப் பக்கம் இல்லை, ஏதோ சிலோன் றேடியோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த அத்தியாயத்தை ஆடி மாசக் கூட்டத்துல தொடங்கியிருக்கன் தோழர். அண்டைக்கு வந்தவங்கட நம்பரை அப்படியே வரிசையா போட்டிருக்கன். அதையே முதல்ல வாசிக்கிறன்."

அப்பா தலையாட்டினார். ஆதிலா தாளை உயர்த்திப் பிடித்தாள். மேடையில் வாசித்துப் பழகிய குரல், தெளிவு, ஒவ்வொன்றுக்கும் பிறகு சின்ன இடைவெளி.

"நூத்தி எண்பத்தெட்டு."

"நூத்தித் தொண்ணூத்தொண்ணு."

"இருநூத்தி ரெண்டு."

அந்த இடைவெளி எனக்குத் தெரிந்த இடைவெளி. விடிய ஆறரைக்கு, பனியில், பெரட்டுக் களத்தில் விடுகிற இடைவெளி. நான் வாயைத் திறந்தேன், எதற்கென்று இன்றைக்கும் தெரியாது, நிறுத்தவா, சொல்லவா.

"இருநூத்திப் பதினாலு."

"இருக்கேங்க!"

குசினியில் இருந்து. உரத்து. முப்பத்திரண்டு வருசம் ஒவ்வொரு காலையும் சொன்ன குரல், அவளைக் கேட்காமலே வந்துவிட்டது.

ரொட்டி தட்டுகிற சத்தம் நின்றது. ஆதிலாவின் தாள் அந்தரத்தில் நின்றது. அப்பா அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கழுத்துப் பொத்தானைத் தொட்டார், கழற்றவில்லை. அம்மா வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை. பாலைக் கவிழ்த்துவிட்ட சின்னப்பிள்ளை மாதிரி அப்பாவை மட்டுமே பார்த்தாள்.

ஆதிலா மெதுவாகத் தாளைப் பார்த்தாள். அப்பாவை, அம்மாவை, பிறகு என்னை.

"நிஷா, இதை டைப் பண்ணினது நீங்கதானே?"

இத்தனை நாள் நான் பூட்டி வைத்திருந்ததை அவள் ஒரு நம்பரை வாசித்துத் திறந்துவிட்டாள். அதைக்கூட நான் செய்யவில்லை. அவள் கூப்பிட்டாள், அம்மா வந்தாள்.

ஆதிலா நாற்காலியை விட்டு எழும்பினாள். "நீங்க வந்து இதுல உட்காருங்க."

"கையெல்லாம் மாவும்மா" என்றாள் அம்மா, அசையாமல்.

நாற்காலி நடுவில் காலியாகக் கிடந்தது. அப்பா கட்டிலில் ஒரு ஆள் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்தார். அங்கேயும் யாரும் போகவில்லை.

"அந்தத் துணி..." ஆதிலா தயங்கினாள். "அவ்வளவு வெள்ளைத்துணி எங்கேருந்து எடுத்தீங்க?"

அம்மா நிலையில் இருந்து கையை எடுத்தாள். மரத்தில் ஐந்து விரலும் வெள்ளையாக விழுந்திருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"மொதத் துணி இவளோடது. இவகிட்ட கேளுங்க."

ஆதிலா ஸ்டூலில் இருந்த போனை ஒரு சாண் என் பக்கம் நகர்த்தி வைத்தாள். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. குரல் வந்தால் ஏறி இறங்குகிற அந்தச் சிவப்புக் கோடு ஆடாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே கல்லில் ரொட்டி கருகுகிற வாசம்.