டயரில் போட்ட கோடு

இரவு நோரீன் பூட்டிவிட்டு வந்த கார், காலையில் மறுபடியும் பூட்டு விலகிக் கிடந்தது. நான்கு கதவுமே அப்படித்தான்.

அவள் மகன் கீரன் குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவன். பின்னாலேயே மனைவியையும் பறிகொடுத்து, ஆஸ்திரேலியாவின் வையாலாவில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான். "காரைத் தொட்டா அன்னிக்கே மூட்டையைக் கட்டு" என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டாள். வீராப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அவன் போய்விட்டால் அவளுக்குப் பேச்சுத்துணை டி.வி. மட்டும்தான்.

நகரசபையில் பார்க்கிங் அபராதம் எழுதியே தலை நரைத்தவள் நோரீன். "இப்பதான் நிறுத்தினேன்" என்று எவன் சத்தியம் செய்தாலும் டயரில் தான் போட்ட சாக்பீஸ் கோட்டைத்தான் நம்புவாள்; வண்டி நகர்ந்தால் கோடும் உருண்டு இடம் மாறிவிடும். அந்தப் புத்தி எங்கே போகும்? தினமும் சாயங்காலம் காரைப் பூட்டிவிட்டு, முன் டயரில் தரையை ஒட்டி ஒரு கோடு போட்டாள். காலையில் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. வேறு தாயாக இருந்தால் அதோடு நிம்மதியாகியிருப்பாள். இவளோ, அழித்துவிட்டுத் திரும்பப் போட்டிருப்பானோ என்று யோசித்தாள்.

கீரன் கொட்டாவி விட்டபடி ஷெட்டுக்கு வந்தான்.

"மறுபடியும் திறந்துக்கிச்சா? சாவியில பேட்டரி போயிருக்கும்மா."

"மாத்தியாச்சு. ஃபியூஸும் நல்லாத்தான் இருக்கு. உனக்கென்ன திடீர்னு இவ்வளவு அக்கறை?"

அவன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான். சாவியில் பூட்டும் பட்டனை அவளை அமுக்கச் சொல்லிவிட்டு, கதவை மெல்ல ஆட்டினான். பாதி திறந்த நிலையில் நான்கு பூட்டும் டக்கென்று மேலே எழும்பின.

"பாத்தியா? கதவுக்கும் பாடிக்கும் நடுவுல போற ஒயர்லதான் கோளாறு. பழைய வண்டி. திறந்து மூடித் திறந்து மூடி உள்ளுக்குள்ள நைஞ்சுபோயிருக்கும்."

எப்படி இவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்? அவனே அறுத்து வைத்திருந்தால்? நோரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். கதவின் கீல் அருகே இருந்த ரப்பர் குழாயை அவன் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உரித்தான். ஒரு ஒயரின் தோல் வெடித்து, கம்பி பக்கத்து ஒயரை உரசிக்கொண்டிருந்தது. கம்பியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கத்தி பட்ட அடையாளமே இல்லை.

"பச்சையா இருக்கே" என்றாள்.

"புதுசா வெட்டின மாதிரி பளபளன்னு இருக்கும்னு நினைச்சியா?"

அவன் ஒயர்களைப் பிரித்து டேப் சுற்றினான்.

"ராத்திரி குளிர்ல ரெண்டும் ஒட்டிக்கிட்டுத் திறந்துவிட்ருக்கு. இப்ப அமுக்கு."

பூட்டுகள் ஒன்றாக விழுந்தன. கதவை எவ்வளவு ஆட்டியும் எழும்பவில்லை. நோரீனுக்கு மார்பிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

"வாடா, டீ போடறேன். நேத்து பேக்கரில வாங்குன மீட் பை இருக்கு, சூடு பண்றேன்."

கீழே விழுந்த ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் குனிந்தவன், முன் டயரில் இருந்த கோட்டைப் பார்த்துவிட்டுக் குனிந்தபடியே நின்றான். சீருடைப் பாக்கெட்டில் சாக்பீஸ் தூளோடு வீடு திரும்பும் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவன் அவன். அந்தக் கோட்டை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இது நகர்ந்துச்சா?"

"இல்ல."

"ஒரு நாளாவது?"

"இல்லடா. அது சும்மா..."

"அப்புறம் ஏம்மா தினமும் காலைல என் வாயை மோந்து பாத்த?"

நோரீனுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

"இன்னிக்கும் கோடு போட்டுக்க" என்றான் கீரன். "நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லு, நான் இருக்கலாமா போகலாமான்னு."

அவன் உள்ளே போனான். நோரீன் கவுன் பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். சாக்பீஸ் இருந்தது. வாசலில்தான் குப்பைத்தொட்டி. அதுவரை நடந்து போனாள், மூடியையும் திறந்தாள். எறிய மட்டும் கை வரவில்லை.